கயிற்றைச் சுற்றிப் போகிறவர்கள்

பொதுமக்கள் விளையாட உதவும் தேசியச் சங்கம் ஒன்றிலிருந்து இன்று மாலை எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார். தறி நெய்யும் பெண்கள் எட்டுப் பேர் இங்கே தினமும் ஷட்டில் ஆடுகிறோம். வலை கேட்டு எழுதிப் போட்டிருந்தோம்.

"மைதானம் எங்கம்மா?"

"இந்தத் தெருதான் சார். காலையில தறிக்குப் போற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக்கினு இருப்போம், சாயங்காலம் ஆடுவோம்" என்றாள் செல்வி.

"படிவத்துல மைதானம்னுதான் கேக்குது. தெருன்னா எப்படி?"

ஆடிக் காட்டினோம். பாவு கட்டும் கம்பங்களில் குறுக்கே கட்டிய கயிறுதான் வலை. ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது எல்லோரும் கம்பத்தைச் சுற்றிப் போனோம். அவருக்குச் சிரிப்பு.

"கயித்துக்குக் கீழ குனிஞ்சு போனா என்னம்மா?"

"பாவுக்குக் கீழ பூந்து போவ மாட்டோம் சார். இழை அறுந்துடும். வெறும் கயிறானாலும் பழக்கத்துல காலு கம்பத்தைச் சுத்திக்கினுதான் போவுது."

அவர் படிவத்தை விரித்தார். 'மைதானம்' என்ற இடத்தில் எங்கள் தெருப் பெயரை எழுதினார்.

அவருடைய வண்டி கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது. யாரும் சொல்லாமலே கம்பத்தைச் சுற்றிப் போய் எடுத்தார்.

வலை வருமா, தெரியாது. சங்கத்துக்காரருக்கே நாங்கள் பயிற்சி கொடுத்துவிட்டோம். அதை எந்தப் படிவத்தில் எழுதுவது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.