எட்டாவதைத் தொடாதே

உப்பு ஏற்ற வருகிற லாரியின் எஞ்சின் அணைவதற்குள் பெஞ்சமின் டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "அண்ணே, வண்டியில இன்னா பாட்டு ஓடுது?" என்பான். டிரைவர் எதைச் சொன்னாலும் இவன் பதில் ஒன்றுதான். "அதெல்லாம் கெடக்குது. நான் ஒரு ஆளைச் சொல்றேன். ஆனா மொதல்லேர்ந்து கேக்கணும். நடுவுல பூந்துடக் கூடாது."

அந்த ஆள் ஹால்வர் க்ரோன் என்கிற வெள்ளைக்காரர். தலைமுடி இடுப்பு வரைக்கும். கிட்டாரை வைத்துக்கொண்டு அவர் போடுகிற சத்தத்துக்கு ஹெவி மெட்டல் என்று பெயராம். பதினோரு ஆல்பம் போட்டிருக்கிறார். இருபது வருடம் முன்பு குயிலாப்பாளையத்து விடுதி ஒன்றில் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போன பெஞ்சமின் கையில், ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் பதினோரு சி.டி.யையும் கொடுத்துவிட்டுப் போனார். பாரம் குறைத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது எல்லாம் போனில் வந்துவிட்டதால் அந்த சி.டி.க்களை இவன் மனைவி பவுலின் கீரைப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டியிருக்கிறாள். இதுவரை யாருக்காவது பயன்பட்டது என்றால் அந்தக் கீரைக்குத்தான்.

பெஞ்சமின் என் உப்பளத்து மேஸ்திரி. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்; மூட்டை தூக்கின தோளோடு இன்று நாற்பது ஏக்கர் பார்க்கிறவன். ஆளை எடைபோடுவதில் எனக்கு நிகர் மரக்காணத்தில் இல்லை. தண்ணீரை எடைபோடுவதில் இவனுக்கு நிகர் இல்லை, அதையும் நானே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு உப்பின் அடர்த்தியை டிகிரியில் படிப்பதற்கு முன்பே விரலால் தொட்டுச் சொல்லிவிடுவான். கடல் தண்ணீர் மூன்று டிகிரி. பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டால் இருபத்து நாலில் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கினால் கசப்பு. வடித்து ஓடையில் விட வேண்டியதுதான்.

இந்தப் பாடத்தை அப்படியே அந்தக் கிட்டார்காரர் தலையில் ஏற்றிவிட்டான்.

"மொத ஆல்பம் கடல் தண்ணிங்க, மூணு டிகிரி. ரெண்டாவது எட்டு. மூணாவது பதினஞ்சு. நாலாவதுலதான் உப்பு பூக்கும்."

"அப்ப நாலாவதையே குடேன்டா" என்றேன்.

"எப்டிங்க? கடல் தண்ணிய நேரா கடைசிப் பாத்தியில விட்டா உப்பு வருமா? சேறுதாங்க வரும்."

எட்டாவது ஆல்பம் முதல் பதினொன்றாவது வரைக்கும் முப்பது டிகிரியாம். கை வைக்கவே கூடாதாம். "அந்தாளுக்கு வயசாயிடுச்சுங்க. வெறும் கசப்பு" என்பான், ஏதோ தன் சொந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

நானும் முதல் ஆல்பத்தைக் கேட்டேன். எதில் இறங்கினாலும் முழுதாகப் பார்த்துவிடுவது என் பழக்கம். பெல்ட் நழுவின பம்பு செட்டை நாலு பேர் சேர்ந்து உதைப்பது போல இருந்தது. "நம்ம பம்பே தேவலாம், தண்ணியாவது வருது" என்றேன். இவன் கொஞ்சமும் அசையவில்லை. "மூணு டிகிரிதானேங்க. ஊறணும்" என்றான்.

இருபது வருடத்தில் இரண்டாவது ஆல்பத்தைத் தாண்டியவர் ஒருவரும் கிடையாது. டிரைவர் சுப்ராயன் பக்கத்து ஊர் அனுமந்தை வரைக்கும் கேட்டுக்கொண்டு போனான். மறுநாள் முதல் வேறு உப்பளத்தில் லோடு ஏற்றுகிறான். பவுலின் கல்யாணமான புதிதில் ஒன்றரை ஆல்பம் தாங்கினாள். "கண்ணைத் தொறந்துகிட்டே தூங்கக் கத்துகிட்டது அப்பதான்" என்று எல்லோரிடமும் சொல்வாள்.

பெஞ்சமினுக்கு ஒரே ஓர் ஆசை. யாராவது ஒருத்தர், ஒன்றைக் கேட்டு முடித்துவிட்டு, "அடுத்தது எது?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதை என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. நான் சிரித்தேன். என்ன செய்வது, வந்துவிட்டது.

சித்திரையில் ஒரு காலை. நான் உப்புக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தேன். பாத்தியில் இறங்கும்போது போனை அம்சவல்லியின் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டுப் போவது இவன் வழக்கம். அம்சவல்லி உப்பு வாருகிற பெண்களில் மூத்தவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்று சினிமாப் பாட்டு தேடி எதையோ தொட்டுவிட்டாள். உப்பளமே அதிர்ந்தது. பெஞ்சமின் தண்ணீரில் தடுமாறி ஓடிவந்தான்.

"அக்கா, நிறுத்துக்கா! எட்டாவதுக்கா அது!"

"எட்டாவதோ பத்தாவதோ, நல்லாத்தான இருக்குது. பலகை இழுக்கத் தோதா இருக்குது பாரு."

உண்மைதான். ஐந்து பெண்களின் உப்பு வாருகிற பலகைகளும் ஒரே அடியில் போய் ஒரே அடியில் வந்துகொண்டிருந்தன.

"கசப்புக்கா அது. மொதல்லேர்ந்துதான் வரணும்."

"இனிப்பு கேட்டு அழறதுக்கு நான் இன்னா பச்சப் புள்ளையா? இந்த வெயிலுக்குக் கசப்புதான் ஏறுது. போப்பா, போயி தண்ணிய பாரு."

அவன் போகவில்லை. ஆல்பம் முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் வரப்பிலேயே நின்றான். வேலை நேரத்தில் முக்கால் மணி நேரம் ஓர் ஆள் சும்மா நிற்பதை நான் பொறுத்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான்.

சத்தம் நின்றது. அம்சவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னா மேஸ்திரி, முடிஞ்சிடுச்சே. இந்தாளு போட்டதுல அடுத்தது எது?"

பெஞ்சமின் வாயைத் திறந்தான். மொதல்லேர்ந்து என்று சொல்லத்தான் திறந்தான். "மொ" வரைக்கும் வெளியே வந்துவிட்டது. பிறகு மூடிக்கொண்டான். போனை வாங்கி, அதில் அப்பியிருந்த உப்பைச் சட்டை நுனியால் துடைத்தான். எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் ஒன்பதாவதைத் தொட்டு, அவள் கையில் கொடுத்தான்.