திரையில் எங்கள் ஊர்ப் பெயர்

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் நன்னிலம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். வந்த புதிதில், டெல்லியிலுள்ள ஆபீஸ் சர்வருக்குக் கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையில் ஒவ்வொரு வரியும் எங்கள் ஊர்ப் பெயரோடு தொடங்கும்படி செய்து வைத்தேன். அதுவும் தமிழில். யாருக்கு என்ன போச்சு என்ற திமிர்தான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வயலுக்கு மருந்தடிக்க வந்தவரைக்கூட உள்ளே அழைத்து, "டெல்லியில இருக்கிற கம்ப்யூட்டர்ல நம்ம ஊர் பேரு ஓடுது, பாருங்க" என்று காட்டினார். எனக்குக் கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

ஒருநாள் காலைக் கூட்டத்தில், என் திரையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நீளமான கமாண்ட் ஒன்றை அடித்தேன். அப்பா எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, கேட்டால் புரியும். வரி, திரையில் திறந்திருந்த டெர்மினல் ஜன்னலின் பாதி வரை போய், கீழே இறங்காமல், தன் தலைமேலேயே ஏறி எழுத ஆரம்பித்தது. ஊர்ப் பெயர் மறைந்து எழுத்தெல்லாம் குழம்பிவிட்டது. எதை அடித்தேன், எதை அழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"முதலில் இருக்கிறதே, அது என்ன எழுத்து? அதன் அகலத்தை சர்வர் தப்பாகக் கணக்குப் போடுகிறதோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் டெல்லியிலிருந்த டீம் லீட். சாதாரணமாகத்தான் கேட்டார். தமிழில் போட்டதைத்தான் குறை சொல்கிறார் என்று எனக்குப் பட்டது.

"ஒன்றுமில்லை, சும்மா டெஸ்டுக்குப் போட்டது" என்று நானும் ஆங்கிலத்திலேயே சொல்லி, பெயரை எடுத்துவிட்டேன்.

எடுத்த பிறகும் வரி அப்படியேதான் மடங்கியது. டீம் லீட் சொன்னபடி, ஜன்னலின் அளவு என்ன என்று சர்வரிடமே கேட்டுப் பார்த்தேன். கூட்டத்துக்காக நான் ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கியிருந்தேன். சர்வருக்கு அது தெரியவே இல்லை, பழைய அகலத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. சரியான அகலத்தைச் சொன்னதும் வரி ஒழுங்காகக் கீழே இறங்கியது.

"அப்படியானால் அந்த எழுத்தின் மேல் தப்பில்லை, திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் கேலி செய்யவில்லை, எடுக்கச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் பயந்தேன். திரும்பிப் பார்த்தபோது கட்டிலில் அப்பா இல்லை.

மத்தியானமே பெயரைத் திரும்பப் போட்டுவிட்டேன். அப்பாவிடம் அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து, "உங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல நம்ம ஊர் பேரு வருதாமே, காட்டுங்களேன்" என்றார்.

"அதுவா, சும்மா டெஸ்டுக்குப் போட்டதாம். நீங்க வாங்க, டீ சாப்பிடலாம்" என்றார் அப்பா.