சவேனியில் ஒரு தனோலி

ஃபிஜிக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. ஆக்லாந்து அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் நஸ்ரீன் கேட்டுக்கொண்டதால் போனேன். 2007 ஜனவரி கடைசி வாரம். ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. சுற்றுலாக்காரர்கள் பயந்து ஒதுங்கியதால் டிக்கெட் பாதி விலைக்குக் கிடைத்தது.

நஸ்ரீனின் அப்பா அக்தர் கானுக்கு எழுபத்திரண்டு வயது. மனைவி இறந்தபின் சவேனியில் தனியாக இருக்கிறார். மகளோடு வந்து தங்குவதற்கான விசா படிவத்தை அவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் போன இரண்டு படிவங்களுக்கும் பதில் இல்லை. "நீ நேரில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அவருக்குத் தமிழ் தெரியும்" என்றாள் நஸ்ரீன். கானுக்குத் தமிழா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேர விமானம். நாடியில் இறங்கும்போது காலை பத்தே முக்கால். வெளிச்சாலையில் லௌட்டோக்கா பேருந்து பிடித்தால் சவேனி முனைவரை பதினெட்டு கிலோமீட்டர், ஒரு டாலர் எண்பது சென்ட். (ஃபிஜி டாலர்தான்.) பேருந்து ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிடுகிறார்கள். முனையிலிருந்து கடல் பக்கமாக இருபது நிமிட நடை. வழியில் ஒன்பது வீடுகள் இருந்தன. ஆறு பூட்டிக் கிடந்தன.

தகரக் கூரை வீட்டு வாசலில் நெட்டையான மனிதர் ஒருவர் நின்றிருந்தார். நான் ஆங்கிலத்தில் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மதராஸ்காரிதானே? தமிழ்லயே பேசும்மா. நானு இந்த பாஷை பேசி ரெண்டு வருசம் ஆச்சி."

தேநீர் போட்டுக்கொண்டே அவரே சொன்னார். "இங்க சுத்தி எல்லாம் மதராஸி வூடு. சின்னதுலேர்ந்து அவங்க கூடத்தான் கரும்பு வெட்டினேன். எண்பத்தேழுல பட்டாளம் ஆட்சியப் புடிச்சப்போ பாதிப் பேரு கனடா போய்ட்டாங்க. ரெண்டாயிரத்துல மறுபடியும் கலாட்டா ஆனப்போ மிச்சப் பேரு. இருக்கற பசங்களுக்கு ஹிந்திதான் வரும்."

படிவத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தவரின் விரல் 'இனம்' என்ற கட்டத்தில் நின்றது.

"இந்தியர்னு எழுதலாமே" என்றேன்.

"நாங்க தனோலி."

அந்தப் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். சிந்து நதியை ஒட்டிய ஹசாரா மலைப்பகுதியில் வாழும் குலமாம். இப்போது அது பாகிஸ்தானில் இருக்கிறது. இவருடைய அப்பாவின் தாத்தா அங்கிருந்து கல்கத்தா வந்து, ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்.

"தனோலின்னா யாரு?" என்று கேட்டேன்.

"அதான் சண்டையே. எங்க அப்பா பதான்னு சொல்வாரு, கஜினிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்கன்னு. எங்க மாமு, இல்ல, பர்லாஸ் துருக்கின்னு சொல்வாரு. ஒரு மவுல்வி ராஜ்புத்துன்னாரு. பதான்னா பஷ்தோ பேசணும்ல? எங்காளுங்க ஹிந்த்கோதான் பேசுவாங்களாம்." அவர் சிரித்தார். "இந்தியான்னு எழுதினா, அத நானு பாத்ததே இல்ல. எங்க பெரியவரு கப்பலேறினப்போ பாகிஸ்தானே கிடையாது. பொறந்தது இங்க, ஆனா ஃபிஜியன்னு எழுத விடமாட்டாங்க, அது இந்த மண்ணுக்காரங்களுக்கு. எண்பத்தேழுல கலாட்டா பண்ணவனுக்கு தனோலியும் தெரியாது, மதராஸியும் தெரியாது. எல்லாரும் இந்தியாக்காரன், அவ்ளோதான்."

பேனாவை மூடி வைத்தார். "சுவாவுல பழைய கப்பல் காயிதம் இருக்குதாம். எங்க பெரியவரு என்ன சொன்னாருன்னு பாத்துட்டு எழுதறேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு லௌட்டோக்காவில் பேருந்து ஏறினோம். தலைநகர் சுவாவுக்கு இருநூற்றிருபது கிலோமீட்டர், ஐந்தே கால் மணி நேரம், ஆளுக்குப் பன்னிரண்டு டாலர். கான் சலவைச் சட்டை போட்டிருந்தார். சுவாவை நெருங்கும்போது இரண்டு சிப்பாய்கள் ஏறி முகங்களைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அதுவரை ஓயாமல் பேசிவந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆவணக் காப்பகத்தில் கப்பல் பெயரும் பதிவு எண்ணும் கொடுத்தார். அவர் அப்பா எழுதி வைத்திருந்தவை. ஊழியர் பெண்மணி பழைய பதிவேட்டின் படச்சுருளைத் தேடி எடுத்து ஓட்ட இரண்டு மணி நேரம் ஆனது. பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்திரண்டு, மாவட்டம் ஹசாரா. சாதி என்ற இடத்தில் 'முசல்மான்' என்று மட்டும் இருந்தது.

கான் மூன்று முறை படித்தார். "தனோலி இல்ல. பதானும் இல்ல."

"சில தோட்ட முதலாளிகள் பதான்களை முரடர்கள் என்று வேண்டாம் என்பார்களாம். அதற்குப் பயந்து மறைத்தவர்களும் உண்டு. உங்களவரும் மறைத்திருக்கலாம்" என்றார் அந்தப் பெண்மணி. உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னார். கான் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

வெளியே மழை. கூரையடியில் ஒதுங்கினோம்.

"ரெண்டாயிரத்துல சுவாவுல கடையெல்லாம் எரிச்சாங்கல்ல, அப்போதான் நஸ்ரீன் கிளம்பினா. நானு ஏர்போர்ட்டுக்குப் போகல. தனோலி ஓடமாட்டான்னு சொல்லிட்டு வூட்லயே உக்காந்துட்டேன். அவ வாசல்ல நின்னு கூப்ட்டா. நானு திரும்பிப் பாக்கல. எங்க பெரியவரு கொலத்துப் பேரையே மறைச்சிட்டு கெளம்பியிருக்காரும்மா."

ஐந்து டாலர் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கித் தந்தேன். சந்தைக்கு எதிரே இருந்த கூண்டில் நின்று மகளிடம் ஹிந்தியில் பேசினார். எனக்குப் புரிந்தது மன்னிப்பைக் குறிக்கும் 'மாஃப்' என்ற ஒரு சொல்தான். அதன்பின் அட்டை தீரும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.

"படிவம்?" என்றேன்.

"அவள வரச் சொல்லிருக்கேன். மொதல்ல வரட்டும்."

அவர் லௌட்டோக்கா பேருந்தில் திரும்பினார். நான் இரவு சுவாவிலேயே தங்கிவிட்டு, காலையில் நவுசோரி விமான நிலையம் போய் நாடிக்குச் சின்ன விமானம் பிடித்தேன். சுவாவிலிருந்து நவுசோரிக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம்.

ஏப்ரலில் நஸ்ரீன் போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். அவர் உடன் வரவில்லை. நான் கேட்டதற்கு, "அப்பா என் தலையில் கை வைத்தார்" என்றாள். கையெழுத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

முன்னோரைத் தேடிப் போகிறவர்களுக்கு: கப்பல் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் போகாதீர்கள், நாள் முழுக்க வீணாகும். வெள்ளிக்கிழமை என்றால் காப்பகம் சீக்கிரம் மூடிவிடும், காலையிலேயே சுவாவில் இருங்கள். சோதனைச் சாவடிகளுக்காக பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். காகிதத்தில் நீங்கள் எதிர்பார்க்கும் சொல் இல்லாமலும் போகலாம். உடன் யாராவது இருப்பது நல்லது.

இப்போது மாதம் ஒருமுறை கான் எனக்கும் போன் செய்கிறார். மழை, முட்டிவலி, யார் வீடு புதிதாகப் பூட்டிக் கிடக்கிறது என்று பத்து நிமிடம். பிறகு, "நீ பேசும்மா, நானு கேக்கறேன்" என்பார். நான் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த மாதத்தில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசுவதும் அப்போதுதான்.