பலூன் வீட்டில் ஒரு கையகலக் கிழிசல்

நானும் என் மனைவியும் விசேஷங்களுக்குப் பலூன் வீடு வாடகைக்கு விடுகிறோம். பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் வீடு. சுற்றிலும் சுவர், முன்னால் ஒரு படி, மூலைக்கு ஒரு கோபுரம். எல்லாம் கெட்டித் துணி. உள்ளே இருப்பது வெறும் காற்று.

பந்து மாதிரி ஒரு தடவை ஊதி மூடி வைக்கிற சாமான் இல்லை இது. தையல் வழியாகக் காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். பின்னால் காற்றடிக்கும் புளோவர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். போகிற காற்றைவிட வருகிற காற்று கூடுதலாக இருந்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் படுத்துவிடும்.

முன்பு லோரி ஓட்டினேன். முட்டி கெட்டுப் போனதும் விட்டேன். என் மனைவி வீட்டில் துணி தைத்தாள். கிழிந்தால் ஒட்டுப் போட அவள் கைதான் இப்போதும் உதவுகிறது. செர்காம் மீன்பிடிக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், போட்டிருக்கிறோம். கிளேபாங்கில் கடலோரமாகவும் போட்டிருக்கிறோம். கடல் காற்று அடித்தால் மணல் மூட்டை கூட வைப்போம். மற்றபடி எல்லா இடத்திலும் வேலை ஒன்றுதான்.

நம் தமிழர் வீட்டு விசேஷம் என்றால் மட்டும் ஒரு வேலை கூட. ஊக்கு. பாவாடையில் ஊக்கு, துப்பட்டாவில் ஊக்கு, தலைப்பூவில் பின். ஒன்று திறந்துகொண்டால் தரைத்துணி கிழிந்துவிடும். அதனால் என் மனைவி படிக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்னோடு உட்கார்ந்துவிடுவாள். ஏறும் பிள்ளையை நிறுத்தி, ஊக்கையும் பின்னையும் கொலுசையும் கழற்றி டின்னில் போடுவாள். அலங்காரம் கலைகிறது என்று தாய்மார்கள் சண்டைக்கு வருவார்கள்.

“குதிச்சா எப்படியும் கலையத்தானே போகுது” என்பாள்.

ஊக்கைப் பற்றி யோசித்த நாங்கள் கற்பூரத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

மஸ்ஜித் தானாவுக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் பிறந்த நாள். பெண் பிள்ளைக்கு நான்கு வயது. மூலை வீடு என்பதால் பக்கத்தில் புல் தரை இருந்தது. வசதியான இடம். பிள்ளையின் அப்பாதான் கேட்டைத் திறந்தார். நான் சொல்வதற்குள் தரைக்கு விரிக்கும் கன்வாஸின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். உறுதியான கை. சரவாக் பக்கம் கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வெல்டிங் வேலை என்றார். போனால் மாதக்கணக்கில் வர முடியாது. பிறந்த நாளுக்கென்று லீவை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாள் மதியம் கிளம்ப வேண்டும்.

ஆணி அடித்துக்கொண்டே கேட்டேன். “பிள்ளைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்குமே?”

அவர் கன்வாஸின் சுருக்கத்தை இழுத்துவிட்டார். பிறகு சொன்னார்.

“அங்கிள்னு கூப்பிடுறா, அண்ணே.”

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

“போன்ல பேசுனா அப்பா அப்பாங்கிறா. நேர்ல வந்து நின்னா அம்மா பின்னால ஒளிஞ்சிக்கிறா. நேத்து ராத்திரி அவ அம்மாகிட்ட கேக்குறா, இந்த அங்கிள் எப்பம்மா வீட்டுக்குப் போவாங்கன்னு.” சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. “அதான் இத வரச் சொன்னேன். இதுல விளையாடுனா கிட்ட வருவாளோ என்னமோ.”

நான் எழுந்து பின்னால் போனேன். புளோவரைப் போட்டேன். துணி நெளிந்தது, முதுகைத் தூக்கியது, கோபுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சொந்தக்காரப் பிள்ளைகள், பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள். பிறந்த நாள் பிள்ளை மஞ்சள் பாவாடை கட்டியிருந்தாள். என் மனைவியின் டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தானே கொலுசைக் கழற்றிப் போட்டாள். ஏறியதும் ஒரே குதியாட்டம். அவள் அப்பா போனில் படம் எடுத்தபடி சுவர் ஓரமாக வந்தார். அவர் இந்தப் பக்கம் வந்தால் அவள் அந்தப் பக்கம் போனாள். அவர் அந்தப் பக்கம் போனால் இவள் இந்தப் பக்கம்.

அவருடைய மச்சான்மார் விருந்துக்குப் போட்ட கூடாரத்தில் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் தின்றுகொண்டே கேலி செய்தார்கள்.

“மச்சான், நீயும் உள்ள போய் குதி லா. அப்பவாச்சும் பிடிக்கலாம்.”

“அவரு ஏறுனா வீடு வெடிச்சிரும் லா.”

அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவருடைய அக்கா, பிள்ளைக்கு அத்தை, கற்பூரத் தட்டோடு வந்தார். பிள்ளையைப் படிக்குக் கூப்பிட்டு, முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினார். வழக்கமாகக் கேட்டுக்கு வெளியே போய் வைப்பார்கள். இவர் பலூன் வீட்டைப் பார்த்தார்.

“தாமான் கண்ணு பூரா இதுமேலதானே இருக்கு” என்று சொல்லிப் படிக்கு முன்னால் புல்லில் தட்டை வைத்துவிட்டார். படி இந்த வீட்டுக்கு வாசல்தானே என்று நினைத்திருப்பார்.

என் மனைவி ஒரு பிள்ளையின் தலையில் பின்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் புளோவர் பக்கம் இருந்தேன். சும்மா இருந்தால் தட்டுக்கும் படிக்கும் ஒரு சாண் இடைவெளி. பிள்ளைகள் சேர்ந்து குதிக்கும்போது படி முன்னால் பிதுங்கும். அத்தைக்கு அது தெரியாது.

பிதுங்கியது. தீயைத் தொட்டது.

பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. ஓடிப் போய்த் தட்டைக் காலால் தள்ளினேன். “எல்லாரும் இறங்கு! துருன்! துருன்!” என்று மலாயிலும் சேர்த்துக் கத்தினேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக என் மனைவி இறக்கினாள். யாருக்கும் ஒன்றுமில்லை. படியின் கீழ்ப்பக்கம் கையகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. முன் கோபுரங்கள் இரண்டும் தலையைத் தொங்கப் போட்டன.

பிறந்த நாள் பிள்ளை புல்லில் நின்று அழுதாள்.

“வீடு செத்துப் போச்சு! வீடு செத்துப் போச்சு!”

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “பாத்தியா, எவ்வளவு கண்ணு! பிள்ளைக்கு வரவேண்டியது அதுமேல போயிருச்சு.”

“போனது எங்க வீடு, அக்கா” என்றாள் என் மனைவி. பிறகு அத்தையை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

ஒட்டுப் போட வேண்டுமென்றால் காற்றை இறக்க வேண்டும். பசை காய நேரம் வேண்டும். டேப் அந்தக் காற்றுக்கு நிற்காது. ஒட்டிப் பார்த்தேன். பிய்ந்து பறந்தது. விளையாட்டு முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

பிள்ளையின் அப்பா குந்தி உட்கார்ந்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, கைய வச்சிப் பிடிச்சா நிக்குமா?”

வண்டியிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கொடுத்தேன். ஓட்டையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். சீறல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கோபுரங்கள் எழுந்தன. நான் ஏறி மிதித்துப் பார்த்தேன். தாங்கியது. சின்னப் பிள்ளைகள் மட்டும், இரண்டு இரண்டு பேராக ஏறலாம் என்றேன்.

“நான் பிடிக்கிறேன், நீங்க போங்க” என்று சொன்னேன்.

“இருக்கட்டும்ணே. நீங்க பிள்ளைங்களப் பாருங்க.”

புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதுகில் வெயில். மச்சான் ஒருவன் வந்து தொப்பி வைத்துவிட்டுப் போனான். அவர் பிள்ளையைத் தேடவில்லை. கூப்பிடவும் இல்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள்தான் வந்தாள். இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு பக்கத்தில் குந்தினாள்.

“அங்கிள், என்ன செய்றீங்க?”

“காத்தப் பிடிச்சிருக்கேன்மா.”

“விட்டா ஓடிருமா?”

“ஓடிரும்.”

யோசித்தாள். “காட்டுங்க.”

அவர் ஒரு விரலைத் தூக்கினார். காற்று அவள் முகத்தில் அடித்தது. முன்முடி பறந்தது. கிக்கிக்கென்று சிரித்தாள். “மூடுங்க, மூடுங்க!” என்று தானே அவர் விரலைப் பிடித்து அமுக்கினாள். பிறகு அந்தக் கையின் மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

அவர் மூச்சுக்கூட விடவில்லை என்று நினைக்கிறேன்.

“நா குதிச்சிட்டு வர்றேன். நீங்க போயிராதீங்க.”

“போகமாட்டேன்.”

நாலு குதி குதிப்பாள், சுவர் மேல் எட்டிப் பார்ப்பாள். அவர் இருப்பார். திரும்பவும் போவாள். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். எல்லோரும் இறங்கியதும், “இப்ப கைய எடுக்கலாம்” என்றேன். அவள் விடவில்லை. “எடுக்கக் கூடாது, வீடு செத்துரும்” என்றாள். அதனால் கேக்கை மேசையோடு தூக்கிக்கொண்டு புல்லுக்கு வந்தார்கள். வெட்டினாள். முதல் துண்டு அம்மாவுக்கு. அடுத்ததைத் தூக்கிக்கொண்டு குனிந்தாள். அவர் கை ஓட்டையில் இருந்தது. வாயில் வைத்தாள். பாதி மீசையில் ஒட்டிக்கொண்டது. கூடாரத்தில் ஒரே கைதட்டல். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் போனார்கள். புளோவரை நிறுத்தினேன். வீடு மெதுவாகப் படுத்தது. அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“அங்கிள், நாளைக்கும் பிடிப்பீங்களா?”

அவர் என்னைப் பார்த்தார்.

துணியை மடித்து வண்டியில் ஏற்றுவதுதான் வழக்கம். நான் ஏற்றவில்லை. இப்போது மடித்தால் கிழிசல் நீளும், காலையில் வந்து இங்கேயே ஒட்டுப் போட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.

நீளாது. என் மனைவிக்குத் தெரியும். துணியின் மேல் கன்வாஸைப் போர்த்தினாள். வண்டியில் வரும்போது, “சிவப்புத் துணி தீர்ந்து போச்சு, நீலம்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

“நீலமே போடு.”

காலையில் போனோம். என் மனைவி ஓட்டையைச் சுற்றித் துடைத்து, பசை தடவி, நீலத் துண்டை வைத்துத் தேய்த்தாள். நல்ல வெயில். காய்ந்தது. வாசலில் அவருடைய பை கட்டித் தயாராக இருந்தது. புளோவரைப் போட்டேன். வீடு முழுசாக எழுந்து நின்றது. ஒட்டுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுக் காற்று வரவில்லை.

பிள்ளை தூங்கி எழுந்த முகத்தோடு ஓடி வந்தாள். கொலுசைக் கழற்றி என் மனைவியின் கையில் கொடுத்தாள். படியில் ஒரு காலை வைத்தவள் நின்றுவிட்டாள்.

“யாரும் பிடிக்கலியே?”

“ஒட்டிட்டோம்மா. இனி பிடிக்க வேணாம்” என்றாள் என் மனைவி.

அவள் நம்பவில்லை. திரும்பி வீட்டு வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

“அப்பா! ஓடி வாங்க! கைய வைங்க!”

உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்திருப்பார். பொத்தான் போடாமலே ஓடி வந்தார். கன்வாஸ் கிடந்த இடத்தில் புல் இன்னும் ஈரமாக இருந்தது. பயணத்துக்குப் போட்ட பேண்ட்டோடு அப்படியே உட்கார்ந்து, நீலத் துண்டின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

“பிடிச்சிட்டேன். குதி.”

அவள் ஏறிக் குதித்தாள். நாங்கள் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டோம். அவரை ஏற்ற வந்த மச்சான் காரில் ஹாரன் அடிக்கக் கையைத் தூக்கினான். என் மனைவி கண்ணாடியை இறக்கி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.