அண்ணி பேசிய இங்கிலீஷ்

மொட்டை மாடி முழுக்க மக்காச்சோளம் காயும். நடுவே முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருப்பாள். முந்தானைக்குள்ளிருந்து இங்கிலீஷ் வரும். கல்வராயன் மலை எங்கள் ஊரை ஒட்டியே நிற்பதால் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. மாடியில் எடுக்கும். ஆனால் பக்கத்துக் கொல்லையில் ஓடும் மிஷின் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, போனில் இருக்கும் இங்கிலீஷ் பழகுகிற ஆப், அவள் பேசியது தப்பு என்று சிவப்பு காட்டிவிடும். அதற்காகத்தான் அந்த முக்காடு. "இன்னா அண்ணி, போனுக்கு முன்னாடி இவ்ளோ வெக்கமா?" என்று கிண்டல் செய்வேன்.

அண்ணி நர்சிங் படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் வேலை நின்றுபோனது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவள் விண்ணப்பித்தபோது அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு தபா பாரு. கெடைக்கலன்னா வூட்டோட இருந்துக்கணும்." அப்பா சொன்னால் சொன்னதுதான். "சரிங்க மாமா" என்றாள் அண்ணி.

அந்த ஆப்பில் ஒரு பெண்குரல் கேள்வி கேட்கும். பிறகு 'டிங்' என்று சத்தம் வரும். அதற்குப் பின்தான் பேச வேண்டும், முந்தினால் சிவப்பு. மாதக்கணக்கில் அப்படியே பழகினாள். அவளோடு இங்கிலீஷில் பேச வீட்டில் யாருமில்லை. எனக்கும் வராது.

வீடியோ காலில் இன்டர்வியூ வந்தது. யாரும் மேலே ஏறாமல் நான் மாடிப்படியில் காவலிருந்தேன். போனில் ஒரு அம்மாள் கேள்வி கேட்டார். அண்ணி சிரித்த முகமாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டார். அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவர் என்ன நினைத்தாரோ, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணி பேசல?"

"டிங்குன்னு வரும்னு பாத்துக்கினே இருந்தேன் பாப்பா. பதிலெல்லாம் தெரியும்."

அவள் அழவில்லை. காய்ந்த சோளத்தை வாரத் தொடங்கினாள். எனக்குத்தான், ஒரே ஒரு மனுஷர் அவளோடு முன்னால் பேசிப் பார்த்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் ஆறவில்லை.

போன வாரம் அப்பாவைக் காய்ச்சலுக்காகக் கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டிரிப்ஸ் மாற்ற வந்த சின்னப் பெண்ணிடம், அண்ணியைக் காட்டி, "எம் மருமவளும் நர்சுதாம்மா" என்றார் அப்பா. குரலில் அத்தனை பெருமை.

அந்தப் பெண் அண்ணியைப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அண்ணி அப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டே, "வூட்லதாங்க" என்றாள்.