ஜூலி அடக்கிய சொற்கள்

மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த ஒரு மாடியில் இயங்கும் சின்ன வானொலியில் ஜூலிக்கு ஒரே வேலைதான். ஒலிபரப்புக்குப் போகும் பாடல்களை முன்கூட்டிக் கேட்டு, 'வெட்டு', 'குத்து', 'கொல்லு' என்று வரும் இடங்களில் சத்தத்தை அடக்க வேண்டும். பாட்டு ஓடும், அந்தச் சொல் மட்டும் ஊமையாகிவிடும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாவில் அவளுடைய பக்கத்து வீட்டுப் பிறின்ஸ் கத்திக்குத்தில் இறந்துபோனான். குத்தியவன் வானொலியில் அடிக்கடி வரும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டுதான் வந்தான் என்று ஊர் பேசியது. இப்படியான சொற்கள் ஒலிக்கக் கூடாதென்று பெற்றோர்கள் கையெழுத்து வைத்து வானொலிக்கு மனுக் கொடுத்தார்கள். முகாமையாளர் விஜிதரன் சம்மதித்தார். அந்த வேலையை ஜூலி கேட்டு வாங்கினாள். பிறின்ஸின் தாய் சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கிடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. ஒரு சொல்லை எடுத்தால் ஒரு கத்தியாவது குறையும் என்று மனதார நம்பினாள்.

அடுத்த வருடத் திருவிழாவிலும் இரண்டு பேர் வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே பாட்டு, அடக்காமல், எல்லாருடைய போனிலும் இருந்தது. ஜூலி கேள்வி கேட்கவில்லை. இன்னும் கவனமாகக் கேட்டு அடக்கினாள்.

போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அவளுடைய அக்கா செசீலியா தன்னாமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"விழுந்திட்டன் புள்ள."

"பொய் சொல்லாதக்கா. அத்தான் அடிச்சவரா?"

செசீலியா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கறிக்கு உப்புக் கூடிப்போச்சாம். இது முதல்தரமில்ல, ஏழு வருசமா இப்பிடித்தான்."

அத்தான் ஜெராட் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். குடிப்பதில்லை. சினிமாப் பாட்டு என்றாலே வானொலியை நிறுத்திவிடுவார். ஜூலியின் வேலையை ஊரில் அதிகம் புகழ்ந்தவரும் அவர்தான்.

அன்றே அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்; எலும்பு முறிந்திருந்தது. பிறகு பொலிசில் முறைப்பாடு எழுதவைத்தாள். மறுநாள் விஜிதரனிடம் போனாள்.

"சேர், கிழமைக்கு ஒருக்கா ரேடியோவில பத்து நிமிசம் தாங்க. வீட்டில அடி வாங்கிற பொம்பிளையள் எங்க போகலாம், ஆரிட்டச் சொல்லலாம் எண்டு பேசுவம்."

"அது குடும்ப விசயம் ஜூலி. காலையில கேக்கிற ஆக்களுக்கு அதெல்லாம் சரிவராது. நீங்க பாட்டுகளைப் பாருங்க."

"சினிமாப் பாட்டே கேக்காத மனிசன்தான் சேர் என்ட அக்காட கையை முறிச்சவர்."

விஜிதரன் அன்றைய பாட்டுப் பட்டியலை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

இரண்டு கிழமைகளில் செசீலியா முறைப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கணவனிடம் போய்விட்டாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கேதான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஜூலி பார்க்கப் போனபோது, ஜெராட் சிரித்த முகத்தோடு கதிரை எடுத்துப் போட்டார். அக்கா இடக்கையால் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அத்தான் முகம் கழுவப் போன நேரத்தில், ஜூலி தன் வீட்டின் இரண்டாவது சாவியை அவளுடைய கையில் வைத்தாள்.

"எந்த நேரமெண்டாலும் வா. என்னட்டக் கேட்டுக்கொண்டெல்லாம் நிக்காத."

"வாறன் புள்ள," என்றாள் செசீலியா.

ஐந்து மாதங்களாகிவிட்டன. அவள் வரவில்லை. ஜூலி இன்னும் அதே கதிரையில் இருந்து பாட்டுக் கேட்கிறாள். வேறு வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.