அடுப்பங்கரைக்கும் ஜன்னலுக்கும் நடுவே

இயேசு விண்ணுக்கு ஏறியதைக் கொண்டாடும் பரமேறுதல் திருநாள் வந்தால் கெசையா தன் வீட்டுக் கதவைப் பூட்ட முடியாது. மார்லம், கோல்ட்ஸ்டோக் என்ற இரண்டு தேவாலயப் பங்குகளுக்கும் நடுவிலிருந்த பழைய எல்லை அவளுடைய ஒற்றை அறை வழியாகப் போனது. அடுப்பு மார்லம், ஜன்னல் கோல்ட்ஸ்டோக். ஒவ்வொரு பங்கும் தனக்கு உரிய ஏழைகளுக்கு மட்டுமே கஞ்சி ஊற்றும். லண்டனிலிருந்து செங்கல் வீடுகள் வந்து வயல்களை விழுங்கியும் அந்த எல்லை அசையவில்லை. திருநாளன்று இரண்டு பங்கின் ஆண்களும், எல்லை மறந்துபோகாமலிருக்க, பச்சைக் குச்சிகளால் அதைத் தட்டிக்கொண்டே கதவில் நுழைந்து ஜன்னலில் ஏறிக் குதிப்பார்கள்.

இந்த வருஷம் கோல்ட்ஸ்டோக் வண்டிக்காரன் அப்சலோம் முன்னதாகவே வந்துவிட்டான்.

"இன்னிக்காவது பதில் சொல்லு கெசையா. என் சட்டையைத் துவைச்சே கிழவியாகப் போறியா?"

"சட்டையா அது? சல்லடை!" என்று சிரித்தாள் அவள். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாசலில் அவள் மகள் டோர்க்கஸ் சோப்பு நுரை ஊதிக்கொண்டிருந்தாள்.

குச்சியோடு நுழைந்தார் ஸ்ட்ரட்விக். மார்லத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி அளக்கும் அதிகாரி.

"தாராளமா கட்டிக்கம்மா. புருஷன் பங்குதான் உன் பங்கு. ஆனா அப்பன் இல்லாத பிள்ளைக்குப் பிறந்த இடம்தான் கதி. நாளைக்கு இவன் கால் ஒடிஞ்சு படுத்தா, நீ கஞ்சிக்கு அந்தப் பக்கம் போவே. ஏழு வயசு வரைக்கும்தான் பிள்ளை தாயோட; அதைத் தாண்டின இவ தனியா எங்க ஏழை விடுதிக்கு வருவா."

"ஐயா, இவளைப் பெற வலி எடுத்தப்போ என் கட்டில் ஜன்னலடியிலதானே இருந்தது!"

"இருந்தது. இதே திருநாள்ல நீ வலியில நினைவில்லாம கிடந்தப்போ, அந்தச் சுமை தங்களுக்கு வேண்டாம்னு கோல்ட்ஸ்டோக் பயலுக அடுப்பங்கரைக்கு இழுத்துட்டானுக. கால்மாட்டைப் பிடிச்சது யாருன்னு உன் மாப்பிள்ளையைக் கேளு!"

குளிருக்கு இதமாக யாரோ புண்ணியவான் இழுத்துப் போட்டான் என்றல்லவா இத்தனை வருஷமும் அவள் நன்றியோடு நினைத்திருந்தாள்!

அப்சலோமின் முகம் வெளுத்தது. "பெரியவங்க இழுடான்னாங்க... அப்போ நீ யாருன்னே எனக்குத் தெரியாதே, கெசையா."

அவள் அழவில்லை. மகளை வாரி எடுத்து அடுப்போரம் போய் நின்றாள்.

"உன் ஆளுங்க காத்திருக்காங்க. ஜன்னல் வழியாப் போ."

அவன் ஏறிக் குதித்தான். மறு வாரமும் அவன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, ஜன்னல் வழியே நீட்டினாள். தலை நரைத்த பிறகும் அப்படியேதான் நீட்டினாள்.